வில்லேட்டைத் திருத்தலாமா?

சென்ற தை மாதத்தில் ஒருநாள், கல்லூரி விட்டு வந்து சால்வையைக் கொடியிற் போடுமுன்னே, என் தங்கை மகன் முற்றத்திலே வந்து நின்றான். பொறியியல் படிக்கின்ற பிள்ளை. முகத்தில் ஒரு தயக்கம். "மாமா, அம்மப்பாவின்ரை காரைப் பதிக்கப் போறன். நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது" என்றான்.

பதித்தல் என்பது எங்கள் ஊர்ச் சொல். பதிவு என்றால் தாழ்வு. பதிவான காணி, பதிவான கூரை என்பது போலப் பதிவான கார். நிலத்தோடு ஒட்டினாற்போலக் காரை இறக்கி ஓட்டுவதிலே இக்காலத்து இளைஞர்க்கு ஒரு மோகம். அதற்கு அவன் செய்யக் கருதியது, காரின் பின்புறத்து வில்லைக் கழற்றி, வீட்டுக் கொட்டிலிலே வைத்துத் திருத்திப் பூட்டுவது.

நான் சொல்லக்கூடாது என்று அவன் கேட்டுக்கொண்டதையே உடனே சொன்னேன். "கூடாது" என்றேன்.

அந்தக் கார் என் தந்தையாருடையது. மொறிஸ் மைனர். யாழ்ப்பாணத்தில் அதனை அறியாதார் இல்லை. 1948இல் இங்கிலாந்திலே வெளிவந்து, 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையிற் செய்யப்பட்ட வண்டி அது. 1960களிலும் 1970களிலும் கார் இறக்குமதிக்கு நாட்டிலே கட்டுப்பாடு வந்தபோது, வந்திருந்த கார்களையே காப்பாற்றி ஓட்டவேண்டியதாயிற்று. மைனரும், ஒஸ்ரின் ஏ40உம், கேம்பிறிட்ஜும் அவ்வாறு எங்கள் சந்திகளிலே நிலைத்துவிட்டன. தந்தையார் அந்த மைனரை வாடகைக்கு ஓட்டி எங்களைப் படிப்பித்தார். 1990களிலே பெற்றோல் இல்லாத காலத்தில், சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார். வெண்புகை கக்கிக்கொண்டு அது வரும் மணம் இன்றைக்கும் என் மூக்கில் உண்டு. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சிக்குப் போயிற்றே, அந்த இரவிலும் அந்தக் கார் போயிற்று. அதற்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது பற்றி எங்கள் வீட்டிலே இன்னும் வழக்கு உண்டு. ஒன்பது என்பாள் தங்கை. நான் மிதிவண்டியில் வந்தவன், எண்ணவில்லை.

இத்தகைய காரை ஒரு பிள்ளை தன் ஆசைக்குப் பதிப்பதா?

மறுநாள், பழைய கார்களிலே பற்றுடைய நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவரும் "கூடவே கூடாது" என்றார். மகிழ்ந்தேன். "ஏன்?" என்று கேட்டேன். "விலை விழுந்துவிடும்" என்றார். என் மகிழ்ச்சி அவ்விடத்திலேயே விழுந்துவிட்டது. 2020 மார்ச்சிலே கார் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய கார்களின் விலை ஏறியதும், 2025 பெப்ரவரியிலே தடை நீங்கியதும் எனக்கும் தெரியும். ஆயினும் என் தந்தையாரின் காரைத் தொடக்கூடாது என்பதற்கு அது காரணமாகுமா? அப்படியாயின் என் காரணந்தான் யாது? முப்பது ஆண்டு மாணாக்கருக்கு "காரணம் கூறுக" என்று வினாத்தாள் எழுதியவன் நான். எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரியாமற் கூடாது என்று சொன்னது பண்டிதத்தனமேயன்றிப் பாண்டித்தியம் அன்று.

ஆகவே கொட்டிலுக்குப் போனேன். அவன் ஏற்கெனவே ஒருபக்க வில்லைக் கழற்றி வைத்திருந்தான். அதைப் பார்த்தவுடன் எனக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. அது வில் அன்று, சுவடி.

நீண்ட உருக்குத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டுள்ளன. ஆங்கிலேயர் அத்தகட்டை இலை என்கின்றார்கள். எங்கள் பட்டறைகளிலே 'பிளேற்' என்பர். நான் ஏடு என்கின்றேன். ஓலைச் சுவடியின் ஏடுகளிலே துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டுவது போல, இத்தகடுகளின் நடுவிலும் துளை உண்டு. ஓர் ஆணி அத்துளைகளிலே புகுந்து எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பிடித்திருக்கின்றது. சுவடியில் ஏடுகள் ஒரே நீளமானவை. வில்லிலோ மூலவேடு ஒன்றே முழு நீளம். மற்றையவை படிப்படியாய்க் குறுகுவன. மூலவேட்டின் இருமுனையும் சுருட்டிக் கண்ணாக்கப்பட்டிருக்கும். அந்தக் கண்களாலேயே வில் காரின் உடலோடு பிணைக்கப்படுகின்றது. முன்கண் நிலையாக நிற்கும். பின்கண் 'சக்கிள்' எனப்படும் ஊஞ்சற் பிணைப்பிலே ஆடும். பாரம் ஏறி வில் நிமிரும்போது அதன் நீளம் சிறிது கூடுமாதலின் அந்த ஊஞ்சல் வேண்டும்.

ஏடுகள் ஏன் குறுகிச் செல்லவேண்டும்? கேட்டேன். வளைவிக்கும் விசை நடுவிலே மிகுதி, முனையிலே குறைவு; எங்கே விசை மிகுதியோ அங்கே உருக்கும் மிகுதியாக இருத்தல் வேண்டும் என்றான். பிறகு ஏன் தடித்த ஒரே தகட்டால் செய்தல் ஆகாது? இங்கே அவன் சொன்ன விடை எனக்கு மிகவும் பிடித்தது. தகட்டின் கனத்தை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு இருமடங்காவதில்லை, எண்மடங்காகின்றது. தடித்த ஒன்று வளையாது, வளைத்தால் முறியும். மெல்லிய பல, ஒன்றோடொன்று உராய்ந்து சறுக்கி, ஒருங்கே வளையும். அந்த உராய்வும் வீண் அன்று. குதிக்கின்ற குதிப்பை அது சற்றே அடக்கும். குதிரை வண்டிக்காரர் கண்ட உபாயம் இது. நீள்வளைய வில்லுக்கு ஒபதையா எலியற் என்ற ஆங்கிலேயர் 1804இல் உரிமைப் பத்திரம் பெற்றார். அதிலிருந்து இன்றை லொறி வரைக்கும் ஒரே குலம்.

இனி, இதனைப் பதிப்பது எவ்வாறு? வீட்டிலே வைத்துச் செய்வார் கையாளும் வழிகள் பல. அவற்றுள் இரண்டு கேடானவை. அந்த இரண்டுமே எங்கள் ஊரில் மிகுதியாக வழங்குகின்றன என்பதுதான் என்னை இதனை எழுதத் தூண்டிற்று.

முதற் கேடு நெருப்பு. வாயுச் சுடரைப் பிடித்து வில்லைச் சிவக்கக் காய்ச்சினால் அது தானாகவே தொய்ந்துவிடும். கார் இறங்கிவிடும். அரை மணி வேலை. செய்தவனுக்குத் தன் சாமர்த்தியத்தில் ஒரு பெருமிதமும் வரும். ஆனால் அந்த உருக்கு வில்லாயிருப்பது அதன் பிறப்பினால் அன்று, துவைச்சலினால். ஏறக்குறைய 850 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கி, மறுபடியும் 400 முதல் 500 பாகையளவிற் காய்ச்சி, அக்கடினத்திலே நொய்ம்மையைப் போக்கி எடுப்பார்கள். அவ்வளவும் செய்தபின்தான் வளைந்தால் மீளும் குணம் அதற்கு வருகின்றது. கொட்டிலிலே நின்று ஒருவன் சுடரைப் பிடிக்கும்போது அந்தக் குணம் அந்த இடத்திலே செத்துப்போகின்றது. சில இடம் மெதுவாகும். விரைவில் ஆறிய இடமோ கண்ணாடி போல் நொய்தாகும். வெளியிலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூச்சுப் பூசினால் முன்னையினும் அழகாயிருக்கும்.

அயலூர் இளைஞன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் இதனையே செய்தான். திருவிழாக் காலம். பின்னாசனத்திலே மூன்று பெண்கள். மதகு ஒன்றில் ஏறி இறங்கியபோது மூலவேடு கண்ணருகே முறிந்தது. மூலவேடு முறிந்தால் அச்சைத் தன்னிடத்திலே நிறுத்துவார் இல்லை. சில்லு ஒருபக்கம் பின்வாங்க, கார் தானே வயலுக்குள் இறங்கிற்று. மாரிகாலமாதலால் வயலில் சேறு. ஒருவருக்குக் கை முறிந்ததோடு போயிற்று. கோடையாயின் என்ன ஆகியிருக்கும் என்று அவன் தாயார் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது கேடு, ஏடுகளை உருவி எறிதல். இரண்டு ஏட்டைக் கழற்றினால் வில் மெலிந்து கார் இறங்கும் என்பது உண்மையே. ஆனால் இறங்கியது ஏன்? எஞ்சிய ஏடுகள் தம் பங்கோடு போனவற்றின் பங்கையும் சுமக்கின்றன. ஆசிரியர் இருவர் மாற்றலாகிப் போனபின் பள்ளிக்கூடம் நடப்பது போல. நடக்கும், எதுவரை நடக்கும் என்பதே கேள்வி. வில் மெலிந்தால் ஒவ்வொரு குழியிலும் அச்சு மேலே வந்து இறப்பர் முட்டிலே இடிக்கும். ஓட்டம் எடுக்கும்போது வில் பாம்பு போல் நெளியும். ஆட்டம் தணிப்பானும் அத்தனை ஆட்டத்துக்கு அமைந்ததன்று.

நல்ல வழிகளும் உள. ஒன்று, காய்ச்சாமலே, அழுத்துபொறியில் வைத்து, ஒவ்வோர் ஏட்டின் வளைவையும் சிறிது சிறிதாகக் குறைத்தல். ஒரே இடத்தில் அழுத்தாமல் நீளம் முழுவதும் நகர்த்தி நகர்த்தி அழுத்தவேண்டும். எல்லா ஏட்டின் வளைவும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். பொறுமை இல்லாதவன் தொடக்கூடாத வேலை. தொடுமுன் ஏட்டின் உள்வளைவுப் பக்கத்தைத் துருப்போகத் தேய்த்துப் பார்த்தல் வேண்டும். பாரத்தால் இழுபடுவது அந்தப் பக்கமே. வெடிப்புத் தோன்றுவதும் அங்கேதான். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அந்த ஏடு இனி ஆகாது. மற்றொரு வழி, மூலவேட்டைப் புதிதாகச் செய்வித்து, மேல்நோக்கிச் சுருளும் கண்ணைக் கீழ்நோக்கிச் சுருட்டுவித்தல். கண் தாழ்ந்தால் அதிலே தொங்கும் உடலும் தாழும். விறைப்பு குறையாது. இது உருக்குத் தொழில் அறிந்தார் உலையில் வைத்துச் செய்து துவைச்சலும் போட்டுத் தருவது. கொட்டில் வேலை அன்று.

எல்லாவற்றிலும் எளியது அச்சுக்கும் வில்லுக்கும் இடையே ஒரு கட்டை வைத்தல். வில்லையே தொடுவதில்லை. ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. அச்சு வில்லின் மேலே இருக்கும் காரிலே கட்டை வைத்தால் கார் இறங்கும். அச்சு வில்லின் கீழே இருக்கும் காரிலே அதே கட்டை காரை ஏற்றிவிடும். ஒருவன் செய்ததைப் பார்த்து இன்னொருவன் செய்தால் இப்படித்தான் முடியும். மைனரிலே அச்சு மேலே. ஆகவே கட்டை உதவும். முன்புறத்திலோ மைனருக்கு வில்லேடே இல்லை. முறுக்குத் தண்டு உண்டு. அதன் பின்முனையின் பற்களை ஓரிரண்டு தள்ளிப் பூட்டினால் முன்புறம் இறங்கிவிடும்.

இவ்வளவையும் கேட்டபின், "இதனால் ஆகும் பயன் என்ன?" என்றேன். பயன் உண்டாம். வளைவிலே திரும்பும்போது பாரம் உட்சில்லிலிருந்து வெளிச்சில்லுக்கு மாறுகின்றது. அந்த மாற்றம் புவியீர்ப்பு மையத்தின் உயரத்துக்கு நேர்விகிதம். மையம் 22 அங்குல உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டங்குலம் இறக்கப் பதினொன்றில் ஒருபங்கு மாற்றம் குறையும். கார் சாயாமல் திரும்பும். ஓட்டப் பந்தயக்காரர் காரைப் பதித்தது அதற்காக. அமெரிக்காவிலே கலிபோர்னியாவின் உலர்ந்த ஏரித் தரைகளில், போர்ட் கம்பெனியின் பழைய 'ரீ', 'ஏ' வகைக் கார்களைப் பதித்து ஓட்டினார்கள். போர்ட் கார்களுக்கு 1948 வரை வில் குறுக்கே கிடந்தது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அதைக் கழற்றிக் கண்ணைத் திருப்பிச் சுருட்டுவதெல்லாம் அவர்கள் வீட்டுக் கொட்டிலிலே பயின்ற வித்தை.

"நீ பந்தயம் ஓடப் போகின்றாயா?" என்றேன். "இல்லை மாமா, வடிவுக்கு" என்றான்.

வடிவுக்கு என்று அவன் சொன்னதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. வடிவு என்பது பயன் அன்று என்று யார் சொன்னது? எங்கள் தொழிலே வடிவைப் பற்றியதன்றோ?

கலிபோர்னியாவிலே வேகத்துக்காக அல்லாமல் வடிவுக்காகவே காரைப் பதித்தவர்களும் இருந்தார்கள். லொஸ் ஏஞ்சலஸ் நகரத்து மெக்சிக்க வழியினர். வேலைக்காரக் குடும்பங்கள். புதுக்கார் வாங்க வகையற்றவர்கள். மற்றவர் கழித்த பழைய காரை வாங்கி, பின்பெட்டியிலே மணல் மூட்டை வைத்தும் வில்லை வெட்டியும் அதனைத் தாழ்த்தி, மினுக்கி, ஞாயிற்றுக்கிழமை மாலையிலே மெல்ல, மிக மெல்ல, தெருவழியே உலாக்கொண்டு போவார்கள். விரைந்து போகின்றவனைக் கண்டு மதிக்கின்ற நாட்டிலே, மெல்லப் போவதையே ஒரு மதிப்பாக ஆக்கிக்கொண்டார்கள். அது அரசுக்குப் பொறுக்கவில்லை. 1958இல், சில்லின் இரும்பு வளையத்தின் கீழ்விளிம்பினும் தாழ்வாகக் காரின் எந்த உறுப்பும் இருத்தலாகாது என்று அந்த மாநிலம் விதித்தது. மறு ஆண்டே றொன் அகிரே என்பார் விமானங்களிற் கழித்த நீரழுத்தப் பம்புகளைப் பூட்டி, நினைத்தபோது ஏறவும் இறங்கவும் வல்லதாகத் தம் காரை அமைத்துக்கொண்டார். காவலர் வரும்போது கார் எழுந்து நிற்கும்; போனபின் பதியும். அந்த விதி 2023இல் நீக்கப்பட்டு, 2024 சனவரி முதலாம் நாளிலிருந்து இல்லாதொழிந்தது. அறுபத்தைந்து ஆண்டு! அதற்கிடையிலே நியூ மெக்சிக்கோ மாநிலத்துச் சிமாயோ என்னும் ஊரவர் பதித்து அழகுசெய்த 1969ஆம் ஆண்டுப் போர்ட் கார் ஒன்று, வாஷிங்ரனிலுள்ள தேசிய வரலாற்று நூதனசாலைக்குள்ளேயே போய்விட்டது.

நூதனசாலையார் அதனை வாங்கும்போது, "முதலில் இருந்தபடி ஆக்கித் தாருங்கள்" என்று கேட்கவில்லை. மாற்றந்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இங்கே என் நண்பர் குறுக்கிடுவார். அது அவர்கள் பண்பாடு. எமக்கு மைனர் எப்படி வந்ததோ அப்படியே இருத்தல் வேண்டும் என்பார். வந்தபடி என்பது எது? மைனரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரிக் கார் முடிந்தபின் அவருக்கு அது ஒடுங்கியதாகத் தோன்றிற்று. நெடுக்காக இரண்டாய் வெட்டுவித்து, இரு பாதியையும் விலக்கிப் பார்த்து, நான்கங்குலம் அகலமாக்கினார். மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கங்குலமே. செய்து வைத்திருந்த முன்தடுப்பையும் வெட்டி, நடுவே துண்டு வைத்தார்கள். மூலம் மூலம் என்று நாம் வணங்குகின்ற காரின் நெற்றியிலேயே ஓர் இடைச்செருகல் இருக்கின்றது.

இடைச்செருகல் என்றேன். அந்தச் சொல்லை நான் வாயில் எடுத்த மறுவாரத்திலேதான் அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டான். மற்றப் பக்கத்து வில்லையும் கழற்றி, இரண்டையும் பிரித்து, ஏடுகளை நிரையாக நிலத்திலே பரப்பி வைத்திருந்தான். "எண்ணுங்கோ மாமா" என்றான். எண்ணினேன். கைந்நூலிற் சொல்லப்பட்ட தொகையினும் இருபக்கமும் ஒவ்வொன்று கூடுதல். கூடிய ஏடு மற்றையவற்றோடு சேரவில்லை. கனம் வேறு, துருவின் நிறம் வேறு. விளிம்பு அரத்தால் அராவப்பட்டிருந்தது. துளை வட்டமாயில்லை, கையாற் குடையப்பட்டது. ஏதோ லொறியின் ஏட்டை வெட்டிச் செய்து இடையிலே வைத்திருக்கின்றார்கள்.

ஏடு கைக்கு வந்தால் கையெழுத்தை அறிவது எங்கள் தொழில். அந்த அராவல் என் தந்தையாருடையது. ஒருபுறமாகவே அராவுவார். எங்கள் வீட்டுக் கதவுப் பிணையலிலும் அதே சாய்வு உண்டு.

அப்போது விளங்கிற்று. ஒன்பது பேர் என்று தங்கை சொல்வது உண்மையாயிருக்கலாம். மைனர் நான்கு பேருக்கு அமைந்த கார். அந்த ஆண்டுகளிலே அது எவரை நால்வரோடு விட்டது? நோயாளியும், நோயாளியைப் பிடிக்க இருவரும், நெல்மூட்டையும், தையற்பொறியும் ஏறியபோது பின்புறம் நிலத்தில் இழுபட்டிருக்கும். புதிய வில்லுக்கு அன்றைக்கு எங்கே போவது? இருந்த இரும்பை வெட்டி ஓர் ஏட்டைக் கூட்டியிருக்கின்றார். கார் உயர்ந்திருக்கின்றது. மூலம் என்று நான் காக்கப் புறப்பட்ட உயரம் தொழிற்சாலை கொடுத்த உயரம் அன்று. என் தந்தையார் கொடுத்த உயரம்.

இப்போது எனக்குத் தருமசங்கடம். இயந்திர நியாயப்படி அந்த ஏடு இருக்கத் தகாதது. கனம் பொருந்தாத ஏடு அயல் ஏடுகளைத் தின்னும். மேலேயிருந்த ஏட்டிலே அது தின்ற தழும்பைப் பிள்ளை விரலால் தடவிக் காட்டினான். ஒழுங்கற்ற துளையிலிருந்து வெடிப்பு ஓடும். பாரம் இல்லாத நாளில் வண்டி குதிக்கும். அதை எடுத்தாலே கார் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும். அதாவது, தொழிற்சாலை விதித்த இடத்துக்கு வரும். பதிக்க வேண்டும் என்று நின்றவன் கூறுவது மூலபாடம். மூலத்தைக் காக்கின்றேன் என்று நின்றவன் காப்பது இடைச்செருகல்!

1887இலே தாமோதரம்பிள்ளையவர்கள் கலித்தொகையையும், சாமிநாதையரவர்கள் சிந்தாமணியையும் அச்சேற்றினார்கள். ஏட்டிலே கிடந்த பிழையைப் பிழையென்று கண்டவிடத்து அவர்கள் வாளாவிருந்திருந்தால் நமக்கு நூல் இல்லை. ஆனால் திருத்தும் பதிப்பாசிரியன் பழைய பாடத்தை அழிப்பதில்லை, அடிக்குறிப்பிலே போடுகின்றான். ஏட்டை அடுப்பிலே போடுவதில்லை. இந்த முறையைக் காருக்கும் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றுகின்றது. மீள வைக்கக்கூடிய மாற்றத்தைச் செய்யலாம். மீள முடியாததைச் செய்வதற்கு முன் நூறுதரம் எண்ணவேண்டும். கட்டை வைத்தவன் நாளைக்குக் கட்டையை எடுத்துவிடலாம். நெருப்பு வைத்தவன் எதை எடுப்பான்?

இவ்விடத்திலே என் கூட்டத்தாரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அயலூர்ப் பிள்ளை சுடரைப் பிடித்தது துணிச்சலால் மட்டும் அன்று. உருக்குக்குத் துவைச்சல் உண்டு, சுட்டால் அது போகும் என்று அவனுக்குத் தமிழிலே ஒருவரும் சொல்லவில்லை. துவைச்சல் என்ற சொல் எங்கள் அகராதியிலே இருக்கின்றது. கொல்லர் வாயிலே இருந்தது. கொல்லன் மகன் உத்தியோகத்துக்குப் போனபோது சொல்லும் பட்டறையோடு போய்விட்டது. என் தங்கை மகன் இவ்வளவையும் கைப்பேசியிலே ஆங்கிலத்திற் பார்த்துக் கற்றான். ஆங்கிலம் அறியாத பிள்ளையும் அதே படத்தைத்தான் பார்க்கின்றான். சுடர் பிடிப்பது அவன் கண்ணுக்குத் தெரிகின்றது; "இவ்வாறு செய்யற்க" என்று பக்கத்திலே சொல்லப்படுவது காதுக்கு விளங்குவதில்லை. நாங்களோ வில் என்ற சொல்லுக்குப் புணர்ச்சி விதி கூறிக்கொண்டிருந்தோம். வில் விற்றராசு ஆகும் என்று கரும்பலகையில் எழுதினேன்; அந்தத் தராசுக்குள்ளே இருக்கும் வில்லைப் பற்றி முப்பது ஆண்டில் ஒரு மாணாக்கனுக்கும் நான் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

ஆதலால் இப்போது வேலையில் நானும் ஒருவன். அவன் செய்யச் செய்ய நான் தமிழிலே எழுதி வருகின்றேன். காரை ஜாக்கியிலே மட்டும் நம்பிவிட்டுக் கீழே புகுதலாகாது; உடலைத் தாங்கிகளில் நிறுத்தவேண்டும். நடுவாணியைக் கழற்றுமுன் ஏட்டடுக்கை இடுக்கியால் இறுகப் பிடித்தல் வேண்டும். அன்றேல் அடக்கி வைத்திருந்த வளைவெல்லாம் ஒரே கணத்தில் முகத்துக்கு வரும். அச்சையும் வில்லையும் சேர்த்துப் பிடிக்கும் 'யூ போல்ட்' நம்முடைய பகரத்தின் வடிவினது. பழையதை மறுபடியும் பூட்டாமற் புதியது போடவேண்டும். இறப்பர் புதைத்த கண்களின் ஆணிகளைக் கார் நிலத்திலே நின்று தன் பாரத்தைத் தானே சுமக்கும்போதுதான் முடிவாக இறுக்கவேண்டும். தொங்கும்போது இறுக்கினால் இறப்பர் பிறந்த நாள் முதலே முறுகி நின்று கிழியும். காரைப் பதித்தபின் பிறேக் குழாய் உராய்கின்றதா, சில்லு மடிவிலே முட்டுகின்றதா, முன்விளக்கின் ஒளி எங்கே விழுகின்றது என்று பார்க்கவேண்டும். இவை போல நாற்பது குறிப்பு ஆயிற்று. சொல் அகப்படாத இடத்திலே பட்டறைச் சொல்லையே வைத்துக்கொண்டேன். 'சக்கிளு'க்கு ஊசற்பிணை என்று எழுதினேன், பிள்ளை சிரித்தான், ஆயினும் விளங்கிற்று என்றான்.

தந்தையாரின் ஏடுகள் இரண்டையும் அவன் எண்ணெய் பூசி, துணியிற் சுற்றி என்னிடம் தந்தான். சுவடிகள் வைத்திருக்கும் பெட்டிக்குப் பக்கத்திலே வைத்திருக்கின்றேன். பெட்டிக்குள்ளே வைக்கவில்லை; எண்ணெய் ஓலைக்கு ஆகாது.

கார் ஆனி மாதத்திலே தெருவுக்கு வந்தது. முதலில் இரண்டங்குலக் கட்டை வைத்தான். அவனொருவன் ஓட்டும்போது நன்றாய்த்தான் இருந்தது. வடிவுங்கூட என்றே சொல்லவேண்டும். தங்கையும் அவள் மாமியாரும் பின்னால் ஏறியவுடன் சில்லு உரசிற்று. கழற்றி ஓர் அங்குலமாக்கினான். இப்போது நால்வர் ஏறினாலும் ஒரு விரற்கடை மிச்சம் இருக்கின்றது. நேற்றுக் கோயிலடியில் நால்வரோடு நிறுத்தி, "ஏறுங்கோ மாமா, ஒன்பது பேர் போன கார்தானே" என்றான். அந்த ஏட்டைக் கழற்றியாயிற்றே என்று சொல்லிவிட்டு நடந்து வந்தேன்.